சோளகம் பிந்திய வருடம்

கொழும்பில், என் வெள்ளவத்தை வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், நைலோன் நூலில் கட்டிய வெப்பமானி ஒன்று தொங்குகிறது. கடலின் சூடு பார்ப்பது. சின்னம்மாவினுடையது. யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் இங்கேதான் இருந்தோம். எனக்குப் பம்பலப்பிட்டியில் கந்தோர் வேலை. சின்னம்மாவுக்குக் கடலுயிர் ஆராய்ச்சி. ரயில் பாதையைக் கடந்துபோய்ப் பாறைகளில் சிப்பி பெயர்த்து வந்து, குளிர்ப்பெட்டியில் என் தயிருக்குப் பக்கத்தில் வைப்பா. தயிரெல்லாம் கடல் நாற்றம். கத்தினால், "பொறடி, இதுகள் இன்னும் முட்டை விடேல்லை" என்பா.

வைகாசியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றோடு மழை கொட்டினால் கடல் குளிரும், உப்புக் குறையும். அது பட்டதும் சிப்பிகள் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடுமாம். அந்த வருடமோ காற்றே வரவில்லை. கடல் கொதித்தது. சிப்பியைத் திறந்தால் உள்ளே பாலாடைபோல முட்டை முட்டி நின்றது. மழை பிந்தினால் அதுகள் என்ன செய்யும்? அதைக் கண்ணால் காண வேண்டுமென்றே வந்த கனடா விசாவையும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தா. ஓரிடத்தில் இருக்கமாட்டா, யன்னலைத் திறந்து திறந்து காற்றுப் பார்ப்பா. நானோ தெருவில் வாகனம் நின்றாலே அதே யன்னலைச் சாத்திவிடுவேன்.

ஒருநாள் பாறையில் நூலும் கையுமாக நின்ற அவவைப் பொலிஸ் பிடித்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "முஹுதட உண", கடலுக்குக் காய்ச்சல் என்று சிங்களத்தில் பகிடி விட்டாவாம். என்ன மனுசி! தமிழ்ப் பெண், கடற்கரை, கையில் ஒரு கருவி. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அவ உள்ளே இருந்தபோதுதான் சோளகம் வந்தது. அப்படியொரு மழை. பொலிஸ் விட்டதும் வீட்டுக்கு வராமல் நேரே பாறைக்குப் போய், நனைந்த சேலையில் சிப்பிகளோடு வந்து நின்றா. ஒவ்வொன்றாகத் திறந்தா. எல்லாம் வெறுமை.

"விட்டிட்டுதுகள். நான் பார்க்கேல்லையடி" என்று குந்தியிருந்து அழுதா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களை உயிரோட விட்டாங்களே, அது காணாதோ?"

"காணாது" என்றா.

அந்த மாதமே கனடாவிலிருந்த மாமா அவவைத் தன்னிடம் எடுத்துவிட்டார்.

இந்த வருடமும் சோளகம் பிந்துகிறது. "கடல் என்ன சூடெண்டு ஒருக்கா பாரடி" என்று தொலைபேசியில் கெஞ்சினா. நேற்றுக் காலை வெப்பமானியோடு பாறைக்குப் போய் நூலை இறக்கினேன். பின்னாலிருந்து ஒரு பொலிஸ்காரன், என் மகன் வயது, சிரித்துக்கொண்டே, "மொகத அம்மே கரன்னே?" என்றான். என்ன செய்கிறீர்கள் அம்மா என்றுதான் கேட்டான். யுத்தம் முடிந்து எவ்வளவு காலம்! என் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடியது. நூலை இழுத்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெப்பமானியைப் பார்க்காமலே திரும்ப ஆணியில் மாட்டினேன்.

பிறகு சின்னம்மா தொலைபேசி எடுத்தா. "எவ்வளவடி?"

"பார்க்கேல்லைச் சின்னம்மா."



"ஆரும் வந்தவங்களோ?" என்று மெல்லக் கேட்டா.