ராசாத்திக்கு நான் சொன்ன வாழ்த்து

குதிரையின்ர பின்பக்கம் நிண்டுகொண்டு நல்ல செய்திக்குக் காத்திருக்கிறதுதான் என்ர தொழில். மொன்றியலில ஒரு குதிரை டொக்டரம்மாவுக்கு உதவி ஆள் நான். ஸ்கான் மெசின் தூக்கிறது, ரத்தம் எடுக்கிறது, முடிவை ஃபோனில சொல்லுறது எல்லாம் என்ர தலையில. லாபில, ஆஸ்பத்திரியில நிண்டு மாரடிக்கிற ஆக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறன். மற்றவைக்கு விளங்காது.

ஓடித் திரியிற கரு

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அங்கால ஒரு பண்ணை. அங்க குதிரை பாக்கிறவர் அந்தோனி அண்ணை, நெடுந்தீவு ஆள். பதினெட்டு வயசுப் பெட்டைக்குதிரை ஒண்டுக்கு ராசாத்தி எண்டு பேர் வச்சு, அதோட தமிழிலதான் கதைப்பார். முதலாளி பிரெஞ்சில கூப்பிட்டால் அது திரும்பியும் பாராது.

பதினாலாம் நாள் ஸ்கானில கரு தெரிஞ்சுது, ஒரு நெல்லிக்காய் அளவில. குதிரைக்கரு ஒரு இடத்தில இராது. பதினாறாம் நாள் வரைக்கும் கருப்பைக்குள்ள ஓடி, மூலை மூலையாத் தட்டி, நான் இருக்கிறன் எண்டு தாய்க்கு அறிவிக்கவேணும். ஒரு பக்கம் விடுபட்டாலும் தாயின்ர உடம்பு வெறும் வயிறெண்டு நினைச்சு அடுத்த சினைப்பருவத்துக்கு ஆயத்தமாகிவிடும். கரு கலைஞ்சிடும். ராசாத்தியின்ர கருப்பையில வயசால வந்த கட்டிகள் வேற வழிமறிச்சுக்கொண்டு கிடந்துது. டொக்டர் சொன்னதை நான் தமிழில சொல்லி முடிக்க, அந்தோனி அண்ணை திரையைப் பாத்தபடி சொன்னார்: "அகதிக் கேஸ் மாதிரியெல்லோ கிடக்கு, தங்கச்சி. நானும் உப்பிடித்தான் கந்தோர் கந்தோரா ஓடினனான்."

துடிப்பு

இருபத்தெட்டாம் நாள் இதயம் துடிக்கிறது தெரிஞ்சுது. அண்ணை நெத்தியில சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஏனெண்டால் இந்த வருசம் குட்டி தங்காட்டில் ராசாத்தியை இறைச்சிக்கு அனுப்புறதெண்டு முதலாளி முடிவெடுத்திருந்தார். அண்ணையும் சும்மா இருக்கேல்லை. பிள்ளையள் சவாரி பழகிற இடமொண்டில கெஞ்சி, அவளுக்கு ஒரு இடம் பிடிச்சு வச்சிருந்தார். முதலாளி மறுக்கேல்லை. "எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ, வெறும் வயித்துக்கு என்ர பண்ணையில புல்லில்லை," எண்டார்.

வாழ்த்து

அறுபதாம் நாள் டொக்டர் லீவில. சினை நிக்குதோ இல்லையோ எண்டு முதலாளி ஒரே ஆக்கினை. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ரத்தம் எடுத்து லாபுக்கு அனுப்பினன். சினை ஹோர்மோன் உச்சத்தில நிக்குதெண்டு முடிவு வந்துது. எனக்குத் தலைகால் தெரியேல்லை. வில்லரேயில பஸ்ஸுக்கு நிண்டபடியே அண்ணைக்கு ஃபோன் அடிச்சு வாழ்த்துச் சொன்னன். அவர் அண்டைக்கே சவாரி இடத்துக்கு ஃபோன் எடுத்து, இனித் தேவையில்லை, மெர்சி எண்டு சொல்லிப்போட்டார். அந்த இடம் வேறொரு குதிரைக்குப் போட்டுது.

மூண்டு கிழமை கழிச்சு டொக்டர் ஸ்கான் வச்சுப் பாத்தா, உள்ளுக்க ஒண்டுமில்லை. குட்டி எப்பவோ செத்துப் போச்சு.

கதை இதுதான். அஞ்சாங் கிழமைக்குப் பிறகு கரு தன்ர உயிரணுக்களில கொஞ்சத்தைத் தாயின்ர கருப்பைச் சுவரில நட்டுவிடும். அந்த ஹோர்மோனைச் சுரக்கிறது அதுகள்தான். குட்டி செத்தாலும் அதுகள் நிப்பாட்டாது, மாதக்கணக்காச் சுரக்கும். அதுகள் வத்துமட்டும் தாய் பருவத்துக்கும் வராது, அந்த வருசம் போச்சு. எல்லாம் நான் படிச்சதுதான். சந்தோசத்தில மறந்துபோனன், என்ர வாயில மண். டொக்டர் கையுறையைக் கழட்டிக்கொண்டு சொன்னா: "ஸ்கான் பாக்காமல் ஒருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லாதே."

லொறி

சவாரி இடத்தில நானே போய்க் கெஞ்சினன். வேற ரெண்டு பண்ணையிலயும் கேட்டன். இடமில்லை எண்டிட்டினம்.

ஓகஸ்டில லொறி வந்துது. நானும் போனன், போகாட்டில் நான் மனிசியில்லை. அந்தோனி அண்ணை என்னை ஒரு சொல்லு ஏசேல்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். லொறிக்காரன் தடியால தட்ட, ராசாத்தி மெல்ல மெல்லக் காலெடுத்து வச்சாள். தமிழ் தெரியாத அவனிட்ட அண்ணை தமிழிலயே கத்தினார்: "அடிக்காதை! அவள் இன்னும் தன்னைப் பிள்ளைத்தாச்சி எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாள்!"

எங்கட தொழிலில கெட்ட செய்தி பொய்யாப்போனால் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுவினம், ஆளைக் கொல்லுறது நல்ல செய்திதான்.