இராசாத்தி வளவின் அழுகை

இதை எழுதலாமா, எழுதினால் பாவமாகுமா என்று பல வருடம் யோசித்தேன். என்னைப் பெற்ற ஐயா உயிரோடு இருக்கும்வரை மனம் வரவில்லை. இப்போது நல்லூர் முருகனை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் காணிகளுக்கும் பெயர் உண்டு. காணி உறுதிப் பத்திரத்தில் அந்தப் பெயரையும் எழுதுவார்கள். உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காணிக்கு இராசாத்தி வளவு என்று பெயர். பறங்கியர் நல்லூரைப் பிடித்தபோது தப்பி வந்த ஓர் அரசி அங்கே கிணற்றடியில் இருந்து அழுதாளாம். அவள் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் வேலிப் படலையடியில் நின்று, "தாயே, உத்தரவு" என்று சொல்லி, பூவரசில் ஓர் இலை விழுந்த பிறகுதான் யாரும் உள்ளே கால்வைப்பார்கள். விழாவிட்டால் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்கள்.

அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். அந்த வளவுதான் சீதனம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அக்காவைப் பார்த்ததிலும் பார்க்க அந்தக் கிணற்றைத்தான் கனநேரம் எட்டிப் பார்த்தார். தண்ணீர் நல்லது, பெயர்தான் ஆகாது என்றார். உறுதியில் புதுவளவு என்று எழுத ஐயா நொத்தாரிசிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"இனி ஒருத்தரும் உத்தரவு கேக்கத் தேவையில்லை. அது எங்கடை காணி," என்றார்.

அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் முருங்கையிலை ஒடித்துவர அம்மா என்னை அனுப்பினார். எனக்கு எட்டு வயது. ஐயா சொன்னார்தானே என்று படலையைத் திறந்துகொண்டு நேரே போனேன். காற்றில்லை. ஒரு காகம்கூட இல்லை. கிணற்றடியில் ஒரு பெண் அழுகிற சத்தம். ஒப்பாரி இல்லை, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல. கிட்டப் போனேன். துலாக்கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஆளில்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். ஐயாவின் முகம் செத்துப்போனது. அம்மா எனக்குத் திருநீறு பூசினார். வெயில் ஏறியதிலிருந்து அடுப்படியில் அம்மாவோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா, சுளகை வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"கனநேரமோ அழுதவ?"

"ஓம்."

அக்கா திரும்பவும் புடைக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே ஐயா படலையடியில் கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டார். பெயரை மாற்றமாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். குமர்ப்பிள்ளையின் வாழ்வைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, ஐயா சாகும்வரை அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டபடி இருந்தார்.

அக்கா பிறகு பண்டத்தரிப்பில் வாழ்க்கைப்பட்டார். தன் மகளைக் கட்டிக்கொடுத்து, பந்தலும் பிரித்த பிறகு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அண்டைக்கு விடியப் படலையடியிலை போய் நிண்டனான். வீட்டிலை என்னாலை வாய்விட்டு அழேலாது, எனக்காக நீ அழு தாயே எண்டு கேட்டனான். அவ மறுக்கேல்லை."

அரசி தன் வளவின் பெயருக்காக அழுதாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கலியாணம் பேசின அந்தக் கிழமை இரவெல்லாம் அக்காவோடு ஒரே பாயில்தான் படுத்தேன். கண்ணைத் திறந்தபடி கிடந்த அக்காவுக்கு நித்திரை வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், அழுதது யாரென்று உங்கள் பங்குக்குத் தீர்த்துச் சொல்லாதீர்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் கேட்டது இவ்வளவுதான்.