அக்காவின் வளவு வழக்கு

எனக்குச் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் வரும். அந்தக் குற்றத்துக்காக நாலு வருஷம் அக்காவோடு கொழும்புக்கு அலைந்தேன். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். நாவற்குடாவில் வாவியை ஒட்டி அவருக்கு ஒரு வளவும் வீடும் உண்டு.

ஒருநாள் கேற்றில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அந்த ஒழுங்கையின் வளவுகள் எல்லாம் வாவிக்குரிய ஒதுக்கு நிலமாம். ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம், வேறிடத்தில் காணி தருவார்களாம். அயலவர்கள் கூடிக்கூடிக் கதைத்துக்கொண்டிருக்க, அக்கா பெரியம்மா எழுதிக் கொடுத்த காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு வழக்குப் போடச் சட்டத்தரணியிடம் போய்விட்டார். எனக்குக் கோபமென்றால் கோபம். அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட நமக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன்.

"நீ சண்டை பிடிக்கத் தேவல்ல தம்பி. அங்க என்ன கதைக்கிறாங்க எண்டு மட்டும் எனக்குச் சொல்லு" என்றார்.

தீர்ப்பு வரும்வரை யாரையும் எழுப்பக் கூடாதென்று கொழும்பு நீதிமன்றம் தடை போட்டது. ஒழுங்கையே மூச்சுவிட்டது. ஆனால் வழக்கு முடியும்வரை உறுதியை யார் பெயருக்கும் மாற்றக் கூடாது என்று சட்டத்தரணி சொன்னபோது அக்காவின் முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளின் பெயரில் வீட்டை எழுதித்தான் கல்யாணம் செய்து வைப்போம். அக்காவின் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது.

தவணைக்குத் தவணை போனோம். பஸ்ஸில் இடுப்பு ஒடியும். உள்ளே பத்து நிமிடம். அரச தரப்பு இன்னொரு நாள் கேட்கும், கிடைக்கும், அக்கா கட்டிக்கொண்டு வந்த புட்டைத் தின்றுவிட்டுத் திரும்புவோம். இந்த அலைச்சலில் அத்தானின் தோணி விலைப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள், ஒன்றரை வருஷம் பொறுத்தார்கள். பிறகு வேறிடம் பார்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் வருஷம் அரச தரப்பு சமாதானம் பேசியது. வழக்கை வாபஸ் வாங்கினால் அக்காவுக்கு மட்டும் வீதியோரமாக நல்ல காணி, வீடு கட்ட உதவி. எனக்கு உள்ளூரத் துள்ளல். "ஓம் எண்டு சொல்லுங்க அக்கா" என்று காதைக் கடித்தேன். அக்கா தடுமாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கூட வந்திருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்காகவா யோசிக்கிறீங்க அம்மா?" என்றாள் அவள். "இப்ப நாம கையெழுத்து வெச்சா, மறுகா ஒழுங்கையில இரிக்கிற எல்லாரையும் அதக் காட்டியே எழுப்பிருவாங்க. வேணாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்கத்தான் நான் லாயக்கு என்று தோன்றியது.

போன வருஷம் தீர்ப்பு வந்தது. வளவுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் பிரதியை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதென்ன தம்பி?"

"வழக்குச் செலவு பற்றிக் கட்டளை ஒண்டும் இல்லையாம். அவரவர் செலவு அவரவருக்கு."

அக்கா சிரித்தார். மகள் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முப்பதைத் தாண்டியிருந்தாள்.

அடுத்த கிழமையே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். வீட்டை மகளுக்கு எழுத வேண்டும் என்றதும் அவர் வழக்கம்போலச் சீதன உறுதி என்று தொடங்கி, மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள இல்ல ஐயா. சீதனம் எண்டு போடாதீங்க. இது அவள் வெண்டெடுத்த வளவு."

நொத்தாரிசு அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.