டாக்டர் வரைந்த மூன்று மலைகள்

டாக்டர் அப்பாண்டைராஜன் காலமான செய்தி திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, எமனே டிக்கெட் எடுத்து வந்ததுபோல் இருந்தது. யுத்த காலத்தில் அவர் கலக்கிக் கொடுத்த கசப்பு மிக்சரைக் குடித்துப் பிழைத்த செஞ்சிவாசிகளே, உங்களுக்கே தெரியும்: ஒரே வேளை மருந்தில் கோட்டை மதிலையே எழுந்து நடக்க வைத்திருப்பார் அவர். ஆனால் தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டது வேறு: “நான் ஒரு ஆளோட வாயைப் பூட்டினவன்.”

மூளை அடிபட்டுப் பேச்சிழந்தவர்களைப் பற்றிப் படிப்பதில் அவருக்குத் தீராத பைத்தியம். சென்ற நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு டாக்டர், பேச முடியாமல் இறந்தவனின் மூளையைத் திறந்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதைக் கண்டார். பிறகு ஒரு ஜெர்மன் டாக்டர், பேச்சு புரியும் இடம் அதற்குப் பின்னால் என்றார். மூன்றாமவர் எண்ணத்துக்கும் ஓர் இடம் வைத்து, மூன்றையும் கோடுகளால் இணைத்தார். நம் டாக்டர் இதைச் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளாக ஆஸ்பத்திரிச் சுவரில் கரியால் வரைந்தார். பேசும் இடம் கிருஷ்ணகிரி, கேட்டறியும் இடம் சந்திரகிரி, எண்ணம் ராஜகிரி, நடுவே மதில்கள். எது இடிந்தது என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் அவருக்கு உதவியாக இருந்த நான் பரப்பிய வேகத்தில் ஊர் ஆடுமாடுகளுக்கும் அது பாடமாகிவிட்டது.

சூசை என்ற விவசாயி பக்கவாதம் வந்து விழுந்து எழுந்தபின், அவர் வாய் மழையாகக் கொட்டியது. ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. மகள் அந்தோணியம்மாளை அனந்தபுரத்து ஆள் ஒருவருக்கு வீட்டார் பேசி முடித்தபோது, சூசை அந்த ஆளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மகன் ஓடிவந்தான்.

“நைனாவுக்கு இஷ்டமில்லியா டாக்டரே? இன்னா சொல்றாரு?”

டாக்டர் சுவரைக் காட்டினார். “சந்திரகிரி விழுந்துடுச்சிப்பா. நீங்க பேசுறது அவருக்கு வெறும் சத்தம். அவருக்கு ஒண்ணும் தெரியாது, நடத்துங்க.”

கூட நின்று தலையாட்டியவர்களில் நானும் உண்டு.

கல்யாணம் நடந்தது. அடுத்த அறுவடைக்குள், புருஷன் முறித்த கையோடு அந்தோணியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, அன்றே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். “சூசைக்குச் சொல்லு புரியல. ஆளைப் புரிஞ்சிருக்கு. அதுக்கு நான் எடமே வைக்கல” என்றார்.

பிறகு சூசை வீட்டுக்குப் போய்க் கை கூப்பி நின்றார். சூசை வெகுநேரம் பேசினார். வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: “திட்டினாரா, போவட்டும்னாரா, தெரியல. ரெண்டுக்கும் தலையாட்டிட்டு வந்தேன்.”

அவரால் எனக்கு ஒரு வழக்கம் மிஞ்சியிருக்கிறது. பேச்சிழந்தவரின் கட்டிலைச் சுற்றி உறவினர் முடிவெடுக்கும்போது, நான் அவரிடமே கேட்டுவிட்டு என் பொல்லாத வாயை மூடிக்கொள்கிறேன். பதில் புரிவதில்லை. அவர் விரல்கள் என் கையைப் பிடிக்கின்றனவா, தள்ளுகின்றனவா என்று பார்க்கிறேன்.