செய்தவன் பாஸ் போடக் கூடாது

லோத்குண்டா முனையில் பஸ் திரும்புவதற்குள் தியோடர் ஜன்னல் கண்ணாடியில் ஒரு நெளிகோடு போட்டுவிடுகிறார். குஷாய்குடா தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தூசிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அந்தத் தூசியில் சுட்டுவிரலால் ஒரு தொகையீட்டுக் குறி, அதன் பக்கத்தில் அடைப்புக்குள் கொஞ்சம் எக்ஸ், அடைப்புக்கு வெளியே கொஞ்சம் எக்ஸ். எழுதி முடித்ததும் தலையைச் சாய்த்து, பெண் பார்க்கப் போன தாய்மாமனைப்போல அதை ஏற இறங்கப் பார்ப்பார்.

"உள்ள யாரு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். "அவரு பிள்ளை வாசல்ல நிக்கானா?"

பக்கத்து சீட்டு நடேசனுக்கு இது பழகிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து இந்த உருதுக்கார ஊருக்கு ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவரின் மகன் அவர். "இன்னா தியோடர், பையன் நிக்கிறானா, ஓடிப்பூட்டானா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் டிபன் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

விஷயம் இதுதான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கோவையை வகையிட வேண்டுமானால், வெளியே இருப்பதை வகையிட்டு, அதை உள்ளே இருப்பதன் வகையீட்டால் பெருக்க வேண்டும். இது சங்கிலி விதி. தொகையிடுவதென்றால் அதே வழியில் பின்பக்கமாக நடக்க வேண்டும். அடைப்புக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை வகையிட்டால் பிறக்கும் பிள்ளை அடைப்புக்கு வெளியே நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். நின்றால் வந்த வழி தெரிந்துவிட்டது, கணக்கு முடிந்தது. இந்த அப்பா பிள்ளைக் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. தியோடர் தனக்காகக் கட்டிக்கொண்டது.

தியோடர் தேவசகாயத்துக்கு வயது முப்பத்தொன்பது. டிப்ளமா படித்தவர், தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் சூப்பர்வைசர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். நீலம் எழுதுவதற்கு, பச்சை பாஸ் போடுவதற்கு. வயர்லெஸ் கருவிகளின் உள்ளே போகும் பலகைகள் அவர் மேஜைக்கு வரும். சோதித்துத் திருப்தியானால் ஒட்டியிருக்கும் சீட்டில் பச்சை மையில் 'டி.டி.' என்று போட்டு, அடியில் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு விழாமல் ஒரு பலகைகூட வாசலைத் தாண்டாது.

கை பழகிவிட்டால் வீடு ஏது, ஆபீஸ் ஏது? பால் கார்டு, பிள்ளைகளின் டெஸ்ட் பேப்பர், சர்ச் விழாவுக்கு அச்சடித்த நோட்டீஸ் என்று எது கண்ணில் பட்டாலும் சரிபார்த்து ஓரத்தில் டி.டி. போடுவார். ஒரு கிறிஸ்மஸுக்கு கேக் டப்பாவின் மூடியில்கூடப் பச்சை மை இருந்தது. "நல்லவேளை, நம்ம கல்யாணம் இவரு இன்ஸ்பெக்டர் ஆகுறதுக்கு முந்தியே முடிஞ்சுட்டு. இல்லன்னா தாலியில டேக் கட்டியிருப்பாரு" என்பார் மனைவி பியூலா.

ஆனால் தன் கையால் செய்த எதையும் தியோடர் சோதிக்க மாட்டார். ஒரு தடவை வீட்டுக்கு முக்காலி செய்தார். அதில் உட்கார்ந்த விருந்தாளி தரையில் உட்கார்ந்தார். "செஞ்சதும் ஆட்டிப் பாத்தீங்களா?" என்று பியூலா கேட்டதற்கு, தியோடர் மிக நிதானமாக, "செஞ்சவனே பாஸ் போடக் கூடாது. ரூல்" என்றார். தொழிற்சாலையில் அது நல்ல ரூல்தான். தன் பிள்ளை தனக்குப் பொன் பிள்ளை என்பதால் வந்த ரூல். முக்காலிக்கு அது பொருந்தாது என்று அவருக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

இந்த ரூல்தான் அவரை ஏ.எம்.ஐ.இ. பரீட்சையில் மூன்று தடவை கவிழ்த்தது. டிப்ளமாக்காரர் எஞ்சினியர் ஆவதற்கு அந்தப் பரீட்சைதான் வழி. எழுபத்தைந்தாம் வருஷம் முதன்முதலாக எழுதினார். மற்ற தாள்களெல்லாம் தேறிவிட்டார். கணக்குத் தாள் மட்டும் அவரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறது. வயது நாற்பதைத் தாண்டினால் இலாகாவில் அந்தப் பதவி உயர்வு கிடையாது. வருகிற மாசியில் நாற்பது முடிகிறது. அதனால் இந்தத் தடவைதான் கடைசி. அவரிடம் வேலை பழகிய ரூஃபஸ் இன்று எஞ்சினியராகி, அதே அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். "அண்ணே, டீ சாப்பிடலாமா?" என்று அவன் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். அந்த மரியாதைதான் தியோடருக்குத் தாங்கவில்லை.

கணக்கில் அவர் செய்யும் தப்பும் தொழிலிலிருந்து வந்ததுதான். இன்ஸ்பெக்டர் ஆவதற்கு முன் அவர் பலகைகளைச் சரிக்கட்டும் மேஜையில் இருந்தார். மீட்டர் முள் கொஞ்சம் தள்ளி நின்றால், பலகையின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் போதும், முள் வழிக்கு வந்துவிடும். கணக்கிலும் அதையே செய்வார். வாசலில் நிற்க வேண்டியது இரண்டு எக்ஸ், நிற்பது ஒரு எக்ஸ் என்றால், வாசலில் ஓர் இரண்டைச் சேர்த்து, தொகையீட்டுக் குறிக்கு முன்னால் ஓர் அரையைப் போட்டு ஈடுகட்டுவார். இது சரிதான். எண் எங்கே வைத்தாலும் அதே எண். ஆனால் பிள்ளையே வாசலில் இல்லாவிட்டாலும் தியோடர் அசரமாட்டார். ஓர் எக்ஸையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, குறிக்கு முன்னால் எக்ஸால் வகுத்துவிடுவார். எக்ஸ் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற ஆள். அவரைக் குறிக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. வந்த விடையைத் திருப்பி வகையிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் செய்தவன்தான் பாஸ் போடக் கூடாதே!

பியூலா கன்டோன்மென்ட் பள்ளிக்கூடமொன்றில் தையல் டீச்சர். எக்ஸும் தெரியாது, ஒய்யும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த சேலையோடேயே சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் நின்றார்.

"விடை சரியான்னு பாக்க வழியே இல்லையா?"

"இருக்கு. திருப்பி வகையிட்டா கேள்வியே வந்துரணும்."

"பாத்தீங்களா?"

"அது இன்ஸ்பெக்ஷன்லா? செஞ்சவன்..."

"உங்க ரூலைத் தூக்கிக் குப்பையில போடுங்க. நான் தச்ச சட்டையை நானே உட்புறம் திருப்பித் தையலைப் பாக்கலையா? வேற யாரு வந்து பாப்பாங்கன்னு இருக்கீங்க? திருத்துறவன் பாத்தான். மூணு தடவையும் ரிஜெக்ட் போட்டுட்டான்."

தியோடரின் முகம் விழுந்துவிட்டது. பியூலாவுக்குப் பாவமாகப் போயிற்று. கொஞ்சம் யோசித்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, உங்க ரூல்படியே நடக்கட்டும். செய்யுதவர் அந்த நாற்காலி. முடிச்சதும் எந்திரிச்சு இந்த நாற்காலிக்கு வாங்க. இது இன்ஸ்பெக்டர் நாற்காலி. அந்த ஆளு யாருன்னே உங்களுக்குத் தெரியாது."

தியோடருக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு கணக்கை முடித்துத் தாளைத் தள்ளிவைத்து, மேஜையைச் சுற்றிவந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பச்சைப் பேனாவைத் திறந்தார். விடையை வகையிட்டார். கேள்வி வந்தது. ஆனால் தனியாக வரவில்லை, கூடவே கேள்வியில் இல்லாத ஒரு வாலும் ஒட்டிக்கொண்டு வந்தது. "எவன் செஞ்சான் இதை?" என்று கத்திவிட்டு, குறுக்கே கோடு போட்டார். எதிர் நாற்காலிக்காரனுக்கு அன்று நல்ல ஏச்சு.

அதன்பிறகு மாலை வேளைகளில் அந்த வீட்டில் ஒரே நடமாட்டம். தியோடர் மேஜையைச் சுற்றுவார், உட்காருவார், திட்டுவார், மறுபடி சுற்றுவார். "டாடி க்யா கர்ரே?" என்று மகள் ஹில்டா ஊர் உருதுவில் அப்பா செய்வது என்னவென்று கேட்டால், "நக்கோ பூச்சோ, ஒண்ணும் கேக்காத. டாடியோட ஆபீஸர் வந்திருக்காரு" என்பார் பியூலா.

பரீட்சை மண்டபத்தில் நீளப் பெஞ்சு, ஆளுக்கு ஒன்று. எழுந்து சுற்றிவர முடியாது. தியோடர் முதல் கணக்கை முடித்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு தாளை இழுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார். அங்கே இன்ஸ்பெக்டர். விடை தேறியதும் திரும்ப இந்தக் கோடி. இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, ஏன் இப்படி நகர்கிறீர் என்று கேட்டார்.

"கைக்கு ஹில்ரே ஜீ?"

"ஹவ் சாப், ஹோ கயா" என்று, ஆயிற்று என்பதுபோல் தலையாட்டினார் தியோடர். கண்காணிப்பாளர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிட்டுத்தாள் எதுவும் இல்லாததால் முனகிக்கொண்டே போய்விட்டார்.

கடைசிக் கணக்கு வந்தது. உள்ளே எக்ஸ் வர்க்கமும் ஒன்பதும், அவற்றின் தலைமேல் வர்க்கமூலம். வாசலில் மூன்று எக்ஸ் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பிள்ளை என்று பிடித்துக்கொண்டார். மிச்சம் இரண்டு. பழைய கை சும்மா இருக்குமா? அந்த இரண்டையும் தூக்கித் தொகையீட்டுக் குறிக்கு முன்னால் வைத்து ஈடுகட்டிவிட்டது. மறுகோடிக்கு நகர்ந்து வகையிட்டார். வால்.

இந்த ஒன்று போனால் கணக்குத் தாள் போயிற்று. ரூஃபஸ் வாழ்நாளெல்லாம் டீக்குக் கூப்பிடுவான். குறுக்கே கோடு போட்டுவிட்டு, பழைய கோடிக்கு வந்து, உள்ளே இருப்பவரையும் வெளியே நிற்பவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இரண்டு எக்ஸும் வேற்றாள் இல்லை. பெருக்கினால் எக்ஸ் வர்க்கம். உள்ளே இருப்பவரேதான், ஒன்பது மட்டும் குறைகிறது. "அட, சொந்தக்காரனா நீ!" என்று முணுமுணுத்தார். உள்ளே இருப்பவரில் ஒன்பதைக் கழித்து அந்த இடத்தில் எழுதினார். அதன்பிறகு கணக்கு தானாக ஓடியது.

கடைசியாக ஒரு தடவை நகர்ந்தார். வகையிட்டார். வரிக்கு வரி சுருங்கி, வால் கீல் எதுவும் இல்லாமல், கேள்வி அச்சடித்தபடியே வந்து நின்றது.

அவர் கை தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. டி என்று தொடங்க இருந்த பேனா முனை காகிதத்துக்கு மேலேயே நின்றது. விடைத்தாளில் பெயரோ அடையாளமோ போட்டால் தாள் செல்லாது என்று கண்காணிப்பாளர் காலையிலேயே படித்துக் காட்டியிருந்தார். தியோடர் பேனாவை எடுத்துக்கொண்டு, இடது உள்ளங்கையைப் பெஞ்சுக்கு அடியில் விரித்து, பச்சை மைக்கு இங்கே அனுமதி இல்லாததால் நீல மையிலேயே டி.டி. என்று போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்தார். மணி அடித்து, தாளை வாங்கிக்கொண்டு போன பிறகும், மை காய்கிறவரை அந்தக் கையை மூடவில்லை.