"ஆடுதான் குடிக்குது" என்று சொன்ன மனிதர்

வைத்திலிங்கம் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதமே எரிச்சலைக் கிளப்பியது. ஆலங்குடி கடைத்தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அறந்தாங்கி பஸ் வேகத்தைக் குறைக்காமல் என்னைத் தாண்டியது. படியில் தொங்கிய கண்டக்டர், "சுப்பையா சார், ஒங்க வைத்திலிங்கம் சார் காலைல தவறிட்டாங்க" என்று கத்தினார். எப்போது, எப்படி என்று நான் திருப்பிக் கத்துவதற்குள் பஸ் மண்ணைக் கிளப்பிக்கொண்டு மறைந்துவிட்டது. ஒரு மனிதனின் சாவை இப்படியா வீசிவிட்டுப் போவது? அடுத்த பஸ் வரும்வரை அந்தக் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே நின்றேன். அழுவதைவிட அது சுலபமாக இருந்தது.

பிறகு அறந்தாங்கியில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். சாந்தமானவர் என்றீர்கள், தங்கமானவர் என்றீர்கள். "யாரையும் ஒரு நாளும் சிரமப்படுத்தாதவர்" என்று ஒருவர் பேசியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பக்கத்திலிருந்தவர் என் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவரோடு லாரியில் போனவன் நான். சேற்றில் நின்றவன் நான். அவரால் பட்ட பாடு எனக்குத் தெரியும். கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் வட்டார வளர்ச்சி ஆபீஸின் கிராம சேவக்குகள். எங்கள் சரகங்கள் அடுத்தடுத்து இருந்தன. அவர் எனக்குச் சில வருஷம் மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை யோவ் என்பார். அந்த மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஒரு கேள்வி கேட்டால், கேட்ட கேள்விக்கு உள்ள பதிலைச் சொல்லிவிடுவார். ஒரு முறை வெளியூரிலிருந்து பெரியவர்கள் சிலர் மாதிரி வயலைப் பார்க்க வந்தார்கள். பலகையெல்லாம் எழுதி நட்டு வைத்திருந்தோம். "பயிர் எங்கே?" என்று கேட்டார்கள். மழைக்குப் பின் நடப்போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். "காஞ்சு போச்சுங்க, பலகை மட்டுந்தான் மிச்சம்" என்றார் வைத்திலிங்கம். வந்தவர்களுக்கு வாங்கி வைத்திருந்த இளநீரை நாங்களே குடித்தோம்.

அந்தக் கார்த்திகைப் புயல் உங்களுக்கு நினைவிருக்கும். தென்னைகள் வேரோடு சாய்ந்து, ஏரிகள் உடைந்து, அறந்தாங்கிக்குக் கிழக்கே சாலை என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிற்று. மழை விட்ட மறுநாள் அரிசி, மக்காச்சோள மாவு, பால்மாவு மூட்டைகளை லாரியில் ஏற்றி எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். ஊர் ஊராகக் கொடுத்துவர வேண்டும். கொடுத்தோம். மேலவயலில் கொடுத்து முடித்துத் திரும்பலாம் என்று நான் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் வைத்திலிங்கம் ஊர்த் தலைவரான அம்பலக்காரரைப் பார்த்து, "கெடைக்காரங்க எங்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டார்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் இரவு கிடை போட்டு உரமேற்றிக் கொடுக்கும் கீதாரிகள் நம் பக்கத்துக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் அவர்கள் வந்தால், என் வயலில் போடு, உன் வயலில் போடு என்று ஊரே அடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மேட்டுக்காட்டுக்கு ஒதுங்கிவிடுவார்கள்.

"அவங்க நம்ம ஊர் ஆளு இல்லீங்களே" என்றார் அம்பலக்காரர்.

"போன சித்திரையில ஒங்க வயல்ல படுத்தது யாரு ஆடுங்க?"

"அது சரி. அதுக்காக நம்ம ஊர்க் கணக்குல சேக்க முடியுமா?"

இந்தப் பேச்சு எனக்கும் ஆத்திரமூட்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைவிட ஆத்திரம், இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் வைத்திலிங்கம் லாரியிலிருந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்ததில் வந்தது. ஆபீஸில் கேட்டுக்கொண்டு நாளைக்கு வரலாம் என்றேன். காதில் வாங்கவே இல்லை. ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும்: கிடைக்காரர்களுக்கென்ன, செத்த ஆட்டைத் தின்பார்கள் என்பார்கள். இரண்டு மாட்டு வண்டிகளைப் பிடித்து, வண்டி போகாத இடத்தில் தலைச்சுமையாக, முந்திரிக்காட்டு வழியே நடந்தோம். முந்திரி மரங்கள் படுத்துக் கிடந்தன. வழியைக் காட்டியது நாற்றம்தான்.

செம்மண் மேட்டில் அந்தக் கிடை இருந்தது. சரிவு முழுக்க ஆடுகள் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. அவற்றைத் தின்பதாவது! கிட்டே நிற்கக்கூட முடியவில்லை. பிழைத்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மூத்த கீதாரி இருளப்பன் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

பசித்தவனிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான் என்பது வைத்திலிங்கத்தின் கட்சி. அதைத்தான் கேட்டார். "எத்தனை பேரு இருக்கீங்க பெரியவரே?"

"பாதிக்கு மேல போயிருச்சுங்க சார்" என்றார் இருளப்பன். "தாய் ஆடெல்லாம் போயிருச்சு. குட்டிகதான் கெடந்து கத்துது."

"ஆட்டக் கேக்கலங்க. மனுசங்களக் கேட்டேன்."

"மனுசங்களா? நாங்க எல்லாரும் இருக்கோம் சார்" என்றார் அவர், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

அடுப்பு மூட்ட விறகெல்லாம் நனைந்திருந்தது. புயல் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஊதி ஊதி மூட்டிய அடுப்பில் கஞ்சி கொதித்ததும் குடித்தார்கள். இருளப்பனின் மருமகள் பஞ்சவர்ணம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாகக் குடித்தாள். அவளுடைய புருஷன் மீமிசலுக்குக் கருவாட்டுக் கொட்டகையில் கூலி வேலை தேடிப் போய்விட்டான் என்று அப்போது தெரிந்தது. குட்டிகள் பிழைத்தால் கிடை மிஞ்சும். குட்டிகளும் போய்விட்டால் மிச்சத்தை விற்றுவிட்டு எல்லோரும் கொட்டகைக்குத்தான் போக வேண்டும் என்றார் இருளப்பன்.

மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். பஞ்சவர்ணம் ஒரு ஆட்டுக்குட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, மூங்கில் குழாயால் அதன் வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாங்கள் கொடுத்த பால்மாவு மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, பச்சப்புள்ளைக்குன்னு வந்த பாலு! ஆட்டுக்கா ஊத்துறே?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எம்புள்ளைக்கு எங்கிட்டப் பாலு இருக்கு சார். இதுகளுக்குத்தான் ஆத்தா இல்லை."

மற்றப் பிள்ளைகள்? கேட்டேன். எல்லோரும் மாவுக் கஞ்சி குடிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு இந்தப் பால் வயிற்றைக் கலக்குகிறது, வேண்டாம் என்கின்றன என்றாள். நான் வைத்திலிங்கத்தைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து, இன்னொரு குட்டியைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் குழாயை இப்பிடிக் குடு தாயீ" என்றார். குட்டி தும்மியதில் அவர் சட்டையெல்லாம் பால்.

"அண்ணே, நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்" என்றேன்.

"யோவ், அங்கிட்டு ஒண்ணு கெடந்து கத்துது பாரு. அதைத் தூக்கிட்டு வா" என்றார்.

தூக்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது?

அதோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மறுவாரம் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மேட்டடியில் ஜீப்பை விட்டுவிட்டு, கால்சட்டையில் சேறு தெறிக்க ஏறி வந்ததால் ஏற்கெனவே கடுகடுவென்றிருந்தார். காலி மூட்டைகளைப் பார்த்து, "பால்மாவு நல்லாச் செலவாகுதே, யார் குடிக்கிறாங்க?" என்றார். குழந்தைகள் என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன்.

"ஆடுதான் குடிக்குது சார்" என்றார் வைத்திலிங்கம்.

அந்த மேட்டில் ஒரு குட்டிகூடக் கத்தவில்லை என்றுதான் எனக்கு நினைவு. அதிகாரி மறுபடி கேட்டார். இவர் மறுபடி அதையே, இன்னும் விளக்கமாகச் சொன்னார். மீதி இருந்த மூட்டைகள் ஜீப்பில் ஏறின. வைத்திலிங்கத்துக்கு மெமோ வந்தது, இன்கிரிமென்ட் நின்றது. பஞ்சவர்ணம் கையில் காலிக் குழாயோடு ஜீப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேட்டிலிருந்து இறங்கும்போது நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது. ஒரு பொய்! ஒரு சின்னப் பொய்! அரிச்சந்திரன் என்று நினைப்பா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்று சொன்னார்: "நான் பொய் சொன்னா அடுத்து அந்தப் பொண்ணையும் கேப்பாருய்யா. அவளும் பொய் சொல்லணும். அவ ஒண்ணும் திருடலையே. எதுக்கு அவளத் திருடி மாதிரி முழிக்க விடணும்?"

"இப்ப குட்டி செத்தாப் பரவாயில்லையா?" என்றேன்.

"அது எப்பிடிச் சாகும்? வா" என்றார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. நேரே மேலவயலுக்குப் போய் அம்பலக்காரர் வீட்டு வாசலில் நின்று, குட்டி போட்ட வெள்ளாடுகளைக் கொஞ்ச நாளைக்கு இரவல் கேட்டார். செம்மறிக் குட்டிக்கு வெள்ளாட்டுப் பால் ஒத்துக்கொள்ளுமாம். அம்பலக்காரர் சிரித்தார். "பாலு கேட்டாக் குடுக்கலாம். ஆட்டையே கேக்குறீங்களே சார்!" உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் வந்து, "சித்திரைக்கு அவங்க ஆட்டுக்காக ஒத்தக் கால்ல நிப்பீங்கள்ல. இப்ப நம்ம ஆடு போய் நிக்கட்டும்" என்று கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டாள். வைத்திலிங்கம் கையில் கொடுத்திருக்கலாம். என் கையில் கொடுத்தாள். அவள் அவிழ்த்ததும் இன்னும் சில வீடுகளில் அவிழ்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு சர்க்கார் ஊழியர்கள் ஆளுக்கு மூன்று ஆடுகளை இழுத்துக்கொண்டு, அதற்குள் பஸ் ஓடத் தொடங்கியிருந்த அறந்தாங்கி சாலையில் போனதை எத்தனை பஸ் ஜனங்கள் பார்த்தார்களோ. ஒருவர் விலை கேட்டார்.

கொண்டுபோய்ச் சேர்த்தால், வெள்ளாடு செம்மறிக் குட்டியை அண்ட விடவில்லை. முட்டியது, உதைத்தது. இருளப்பன் தன் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டின் கண்ணைக் கட்டினார். வைத்திலிங்கம் கொம்பைப் பிடித்துக்கொள்ள, நான் குட்டியை அதன் மடியில் சேர்த்தேன். ஆடு என் வேட்டியை நனைத்தது. "ஆசீர்வாதம்யா" என்றார் அந்த மனுஷர். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கியதும், இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். கோபத்தில்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

எல்லாக் குட்டிகளும் பிழைக்கவில்லை. ஆனால் கிடை மிஞ்சியது. தையில் பஞ்சவர்ணத்தின் புருஷன் கருவாட்டு வாடையோடு திரும்பி வந்தான். சித்திரையில் சின்னக் கிடையாக அறந்தாங்கி வயல்களில் இறங்கினார்கள். முதலில் தன் வயலில்தான் போட வேண்டும் என்று சண்டைக்கு நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அம்பலக்காரர்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று எழுதத்தான் வேண்டும். இரங்கல் கூட்டம் நடந்து சில வாரம் கழித்து ஒரு அதிகாரி என் சரகத்துக்கு வந்தார். புதிதாக வெட்டிய கிணற்றைக் காட்டினேன். "ஜனங்க எல்லாரும் இதுல தண்ணி எடுக்குறாங்கல்ல?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "இல்லீங்க சார், கிழக்குத் தெரு ஜனங்கள ஊர்க்காரங்க எறங்க விட மாட்டேங்குறாங்க" என்று வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊர்ப் பெரியவர்கள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். அவர் ஜீப்பில் ஏறியதும் அவர்கள் என்னிடம் பேசிய பேச்சு வேறு.

அன்று சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் சைக்கிளை எடுத்தேன். உங்களால்தான் இந்த வினை என்று நேருக்கு நேர் இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று வைத்திலிங்கம் வீட்டுக்கு மிதித்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக வரிசையாக யோசித்து வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில் மூச்சு வாங்கிப் பாதித் தூரம் போய்விட்டேன். அவர் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. சைக்கிளை விட்டு இறங்கி, சாலையோரத்தில் அப்படியே நின்றேன். திட்டுவதற்கு வேறு யாரிடம் போவேன், சொல்லுங்கள்.