மாமாவின் ரைஸ் மில்லுக்குப் போகாமல் தப்பித்தது

வேலை பார்க்கிறவனுக்காவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. வேலை தேடுகிறவனுக்கு அதுவும் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் பி.காம். முடித்துவிட்டு நான் முழு நேரமாகப் பார்த்த உத்தியோகம் இந்தத் தேடுகிற உத்தியோகம்தான். செருப்புத் தேய அலைந்தவர்களே, இன்னும் அலைந்துகொண்டிருப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அப்பா கைகாட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியாது. புரியவும் வேண்டாம், நன்றாக இருக்கட்டும்.

என் அவசரம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுவயலில் என் தாய்மாமா ராமையாவுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. வசந்தா அவருக்கு ஒரே மகள். அவள்தான் எனக்கு என்று எப்போதோ பேசி வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொள்ளை ஆசை. ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார். தைக்குள் எனக்கு வேலை கிடைத்தால் கல்யாணம் முடிந்து நாங்கள் தனிக்குடித்தனம் போகலாம். கிடைக்காவிட்டாலும் கல்யாணம் உண்டு, ஆனால் வீட்டோட மாப்பிள்ளையாக வந்து மில்லில் உட்கார வேண்டும். மாமாவின் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மில் ஓடுகிற இரைச்சலையும் மீறி அவர் திட்டுவது ரோட்டுக்குக் கேட்கும். பகலெல்லாம் மில்லில் அந்த வாய், ராத்திரி இலைக்கு எதிரே அதே வாய். 

நாற்காலி

என்னோடு படித்த சேதுராமன் எனக்கு முன்னாலேயே வேலை தேடக் கிளம்பியவன். அந்த வகையில் சீனியர். அவன் வேலை கிடைக்காமல் இருக்கிறானே, அவன் யோசனையைக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், அதுதான் என் புத்தி. "பங்காளி, உன் லட்சியம் என்னன்னு கேப்பாக. சின்னதாச் சொல்லிராத. பெருசா அடிச்சு விடு. அப்பத்தான் ஆள் மனசுல நிப்ப" என்று சொல்லி அனுப்பினான்.

தேவகோட்டையில் ஒரு கம்பெனி, பேர் எதுக்கு. மானேஜருக்குத் தலையெல்லாம் நரை, சாந்தமான முகம். அவன் சொன்ன மாதிரியே கேட்டார்: "இன்னும் பத்து வருசத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிறீக?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நீங்க உக்காந்திருக்கிற இந்த நாற்காலியில சார்!" என்றேன். பக்கத்தில் இருந்த அக்கவுண்டண்ட் இருமினார். மானேஜர் நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப சந்தோசம் தம்பி. அதுவரைக்கும் நான் இதுல நிம்மதியா உக்காரணும்ல? போயிட்டு வாங்க."

ஆசையே இல்லை

சூடுபட்ட பிறகு நான் சேதுராமனை நம்புவேனா? அடுத்த இண்டர்வியூ மதுரையில். இந்தத் தடவை அடக்க ஒடுக்கமாக இருப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டேன். அங்கேயும் அதே கேள்விதான். "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் எதுவும் இல்லைங்க சார். பதவி வேணாம், பேரு வேணாம். கொடுத்ததைச் செஞ்சுக்கிட்டு ஒரு ஓரமா இருந்துக்கிருவேன்" என்று குரலைக் கூடத் தாழ்த்திச் சொன்னேன். எனக்கே என் பணிவைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. அந்த அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "பழனிக்குப் போற வழியில ஒரு நல்ல மடம் இருக்கு, விலாசம் தரட்டுமா?"

பொதுக் கோட்டு

பேச்சில்தான் வாய்க்கவில்லை, உடுப்பிலாவது எடுப்பாக இருப்போம் என்று அடுத்தபடியாகத் தோன்றியது. கோட்டையூரில் ஒரு வீட்டில் ரங்கூனிலிருந்து வந்த கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. போட்டுக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை. அங்கே இருந்த ஆச்சி நல்ல மனுஷி, வேலை தேடிப் போகிற பிள்ளை என்றால் மறுக்காமல் எடுத்துக் கொடுப்பார். இதனால் எங்கள் வட்டாரத்தில் வேலை தேடிய அத்தனை பேருக்கும் அது பொதுக் கோட்டாகிப் போனது. அந்துருண்டை வாசனை தூக்கும். நடுப் பொத்தான் மட்டும் பழுப்பு நிறம், யாரோ எதையோ பிய்த்துத் தைத்தது. அக்னி நட்சத்திர வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது மரியாதையினாலா, வாசனையினாலா என்று நாங்கள் ஆராய்ச்சி செய்ததில்லை.

ஒரு தடவை எனக்கும் சேதுராமனுக்கும் ஒரே ஆபீசில், ஒரே நாளில் இண்டர்வியூ. அவனுக்குக் காலையில், எனக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம். டீக்கடைக்குப் பின்னால் நின்று கோட்டைக் கை மாற்றிக்கொண்டோம். அவன் வியர்வையின் ஈரம் கூடக் காயவில்லை. நான் மிடுக்காக உள்ளே போய், "குட் ஆப்டர்நூன் சார்" என்றேன். அதிகாரி என் முகத்தையே பார்க்கவில்லை. பார்வை நேராக நடுப் பொத்தானில் போய் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இந்தக் கோட்டுக்குக் காலையிலயே பதில் சொல்லி அனுப்பிட்டமே, தம்பி?"

சீப்புச்சீடை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் சொன்னால் வேலை நடக்கும் என்று கேள்விப்பட்டு, அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சுட்டுக் கொடுத்த சீப்புச்சீடையை டின்னில் நிரப்பி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு வருகிற மற்றவர்கள் நடுவில் நான் தனியாகத் தெரிவேன் என்பது அம்மாவின் கணக்கு. போய்ப் பார்த்தால் முகப்பில் வரிசையாக எங்கள் ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு டின். எல்லா அம்மாக்களும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். அந்த வீட்டம்மா வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர், என் டின்னைத் திறந்ததும் பொறுமை இழந்துவிட்டார்: "ஏம்ப்பா, எல்லாரும் சீப்புச்சீடையே கொண்டாந்தா எப்படி? ஒருத்தராச்சும் அதிரசம் சுட்டுக் கொண்டாரக் கூடாதா?"

பந்தி

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் வருஷம் பூராவும் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம் என்று வந்தால் திறப்பார்கள். மெட்ராஸ், கோயம்புத்தூர், மலாயா என்று தொழில் நடத்துகிற முதலாளிகள் அப்போது வந்து இறங்குவார்கள். அதனால் எந்த ஊரில் எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு வேலைவாய்ப்புச் செய்தி. சுண்ணாம்பு வாளியைப் பார்த்துவிட்டால் போதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் யார் வீடு, என்ன கம்பெனி என்று விசாரித்துவிடுவோம்.

கண்டனூரில் அப்படி ஒரு வீடு திறந்தது. கோயம்புத்தூரில் பெரிய கம்பெனி வைத்திருந்த செட்டியார் வீட்டுக் கல்யாணம். அவரை வாசலில் மறித்துப் பேச முடியாது, சுற்றிலும் கூட்டம். பந்தியில் உட்கார்ந்தால் மட்டும்தான் அசையாமல் இருப்பார். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. சமையல்காரரைக் கெஞ்சிப் பரிமாறுகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். இடுப்பில் துண்டு, கையில் வாளி. கவுனி அரிசி ஒரு தடவை, கந்தரப்பம் ஒரு தடவை என்று செட்டியார் இலையையே சுற்றிச் சுற்றி வந்தேன். நான் பி.காம். என்று சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் மேளக்காரர் மேளத்தை முழக்கிவிடுவார். சரி, கை சுத்தத்தையாவது பார்க்கட்டும் என்று ஒரு சொட்டுச் சிந்தாமல் பரிமாறினேன்.

கை கழுவிவிட்டுச் செட்டியாரே என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அவர் வீட்டு ஆச்சி. "தம்பி, ரொம்ப நேர்த்தியாச் செய்றீக. கோயம்புத்தூருக்கு வாரீகளா? நம்மகிட்டயே இருந்துக்கலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தை பிறக்கும் முன்பே வேலை! வசந்தாவோடு கோயம்புத்தூர்! "வாரேங்கய்யா. எந்த டிபார்ட்மெண்டுங்க?" என்று கேட்டேன். "சமையக்கட்டுலதான்" என்றார். அடக் கடவுளே! "ஐயா, நான் பி.காம். படிச்சவனுங்க" என்று குரல் உடையச் சொன்னேன். செட்டியார் சங்கடப்பட்டுப் போனார். ஆச்சி மட்டும் அசரவே இல்லை: "அதனால என்னப்பா, படிச்ச புள்ளைன்னா அடுப்படியச் சுத்தமா வச்சிருக்கும்ல?"

மாமா பார்த்துவிட்டார்

அந்தக் கல்யாணத்துக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. புதுவயல் மில்லிலிருந்துதான். மூட்டை இறக்க வந்த மாமா, வாளியோடு நான் ஓடிக்கொண்டிருந்ததை வளவு என்கிற உள்முற்றத்து வாசலிலிருந்து நன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டில் ஆஜர். தெரு முழுக்கக் கேட்டது. "தையும் வேணாம், கிய்யும் வேணாம். வர்ற மாசமே மில்லுக்கு வரட்டும். கண்டவன் வீட்டுல வாளி தூக்குறவன் மாமன் வீட்டுல சாக்குத் தூக்க மாட்டானா?" என்று அம்மாவிடம் கத்தினார்.  எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவரைக்கும் எங்கே போய் மூக்கு உடைபட்டாலும் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. என் ஆயுசு முடிவாகிவிட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை சந்தையில் வசந்தாவைப் பார்த்தேன். அவள் அம்மா கருவாட்டுக்காரியோடு மல்லுக்கு நின்ற நேரத்தில் நைசாக என் பக்கம் வந்தாள். இவளும் வாளியைப் பற்றிச் சிரிக்கப்போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு படபடவென்று சொன்னாள்: "அத்தான், நீங்க சமையலுக்கே போங்க, நானும் வந்து வெங்காயம் உரிக்கிறேன். எங்கப்பா மில்லுக்கு மட்டும் வந்துராதீக. அவரு திட்டுறதக் கேட்டுக் கேட்டு எனக்கும் உங்களத் திட்டப் பழகிரும்."

உங்களுக்கு ஏன்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இண்டர்வியூ. புதுக்கோட்டையில் மோட்டார் பம்பு விற்கிற கம்பெனி. அந்த ஊரிலேயே தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும், அதுவே எனக்கு இனித்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது. எல்லாரும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், முதல் வகுப்பு. நான் கோட்டும் இல்லாமல் டின்னும் இல்லாமல் சாதாரண வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் களைத்துப்போன முகத்தோடு ஒருவர். மானேஜர் என்று சொன்னார்கள். பக்கத்து அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரோ யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புதுவயல் ஞாபகம் வந்துவிட்டது.

"வெளியில இருக்கிறவங்க எல்லாருமே உங்களை விட மார்க் ஜாஸ்தி. இந்த வேலையை உங்களுக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்றார் மானேஜர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தயார் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் பறந்துவிட்டது. "அவங்களுக்கு இது இல்லாட்டி இன்னொண்ணு சார். எனக்கு இது இல்லாட்டி மாமனார் மில்லு! வீட்டோட மாப்பிள்ளையா அங்க போய் உக்காரணும். காலையிலயும் அவரு மூஞ்சி, ராத்திரியும் அவரு மூஞ்சி. திரும்பி அங்க போயிரக் கூடாதுங்கிற பயத்துலயே நான் இங்க மாடா உழைப்பேன் சார். வேற எந்தத் தகுதியும் எங்கிட்ட இல்ல!" என்று கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. எழுந்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். "மாமனார் சத்தமாப் பேசுவாரா?" என்று கேட்டார். "ரோட்டுக்குக் கேக்கும் சார்" என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாத்திய கதவைத் தாண்டி ஒரு குரல் இடித்தது: "ஏய்யா மாப்ளே! ஒரு ஆளைப் பார்த்து அனுப்ப இம்புட்டு நேரமா? ஒரு வேலைக்கும் லாயக்கில்லாத ஆளுய்யா நீ!" மானேஜர் துள்ளி எழுந்து, "இந்தா வந்துட்டேன் மாமா!" என்று குரல் கொடுத்தார். போகும் முன் என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை வந்து சேந்துருங்க. நான்தான் மாட்டிக்கிட்டேன், நீங்களாவது பொழைச்சுப் போங்க."

பஸ் காரைக்குடி வருகிற வரைக்கும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். தையில் கல்யாணம், புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு வாடகை வீடு. மாமா ஒரு நாள் பார்க்க வந்தார். சமையலறையைத் திட்டினார், ஜன்னலைத் திட்டினார், என்னைத் திட்டினார், சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போனார். பஸ் திரும்பி மறைந்ததும் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காக எத்தனை கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஆள் எடுக்கும்போது அனுபவத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள் என்று சொல்கிறார்களே, என் விஷயத்தில் அது முழுக்க உண்மை, என்ன ஒன்று, அது வேலை கொடுத்தவருடைய அனுபவம்.